ஐம்பதைத் தாண்டாத முள்

அம்மா பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை என்றால் லாரி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நாமக்கல்லில் இருந்த என் மாமன்கள் எல்லோரும் பாரம் ஏற்றிய வண்டியை ஒற்றைக் கையால் திருப்புகிறவர்கள். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன என் அப்பாவோ ராசிபுரத்தில் சேலைக் கடை வைத்திருந்தவர். மொபெட்டைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. விருந்துக்குப் போனால், சாப்பிட்டு முடித்ததும் பேச்சு கிளட்ச், கியர்பாக்ஸ் என்று போய்விடும். அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருப்பார். நாற்பது வயதுக்கு மேல் அவர் டிரைவிங் பழகிக் கார் வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதுவும் டீசல் கார். பெட்ரோல் வண்டியில் போய் இறங்கியிருந்தால் மாமன்கள் அதை வண்டிக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள்.

கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, வண்டியை நேராகப் பெரிய மாமாவிடம்தான் கொண்டுபோனோம். மாமா பானெட்டைத் திறந்து பார்த்தார், ஆயில் கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். இஞ்சின் செட்டாக வேண்டும், முதல் ஆயில் மாற்றுகிற வரைக்கும் எழுபதுக்கு மேல் விரட்டக் கூடாது என்றார். அப்பா அந்த எழுபதைப் பாதுகாப்புக்கென்று ஐம்பது ஆக்கிக்கொண்டார். கடைக்குச் சேலை எடுக்க வருகிறவர்களிடம்கூட, உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும், அதற்குள் விரட்டினால் பிஸ்டன் சிக்கிக்கொண்டு வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்று விளக்குவார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

என் தம்பி அப்போது அம்மா வயிற்றில் இருந்தான். பிரசவத்துக்கு நாள் இன்னும் நிறைய இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. எங்கள் ஊர் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். பக்கத்து வீட்டு அத்தை டாக்ஸிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாமுங்க்கா. எங்க ஊட்டுக்காரரு ஓட்டுவாரு” என்றாள் அம்மா.

அப்பா சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

பின் சீட்டில் என் மடியில் தலை வைத்து அம்மா படுத்திருந்தாள். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் நான் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். முள் ஐம்பதில் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. லாரிகள் எங்களைத் திட்டுவது மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. கடைசியில் முட்டை ஏற்றிய வண்டி ஒன்றும் எங்களை முந்திப் போனது. முட்டை வண்டிக்காரர் எவ்வளவு பொறுமையாகப் போகிறவர் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வேகமாப் போங்கப்பா!”

“இஞ்சின் சிக்கிக்கும் சாமி. இன்னும் ஆயிலே மாத்துல.”

எனக்கு எந்தப் பக்கமும் வழியில்லாமல் போயிற்று. மெதுவாகப் போனால் அம்மா செத்துப்போவாள்; வேகமாகப் போனால் வண்டி நின்றுபோய் அப்போதும் அம்மா செத்துப்போவாள். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்த இஞ்சினையே கும்பிட்டேன். கொஞ்சம் சீக்கிரம் பழகிக்கொள் என்று கெஞ்சினேன். மல்லூர் தாண்டும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். நான் மறுபடி வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தி, “அப்பாவைப் பேசாத சாமி. ஓட்டட்டும்” என்றாள். சீலநாயக்கன்பட்டிப் பாலம் தெரிகிற வரைக்கும் அந்தக் கையை அவள் விடவேயில்லை.

சேலத்தில் லோடு இறக்க வந்திருந்த பெரிய மாமா, சேதி தெரிந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கத்தினார். “ஏனுங்க மாப்ள, ராசிபுரத்துல இருந்து உருட்டிக்கிட்டா வந்தீங்க?”

அப்பா குனிந்து வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அம்மாதான் தலையைத் தூக்கினாள். “நாந்தானுங்ணா மெதுவாப் போகச் சொன்னேன். ஆயில் மாத்தாத வண்டிய விரட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தவள். இவளுக்கும் உயிரைவிட இஞ்சின்தான் பெரிதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பி பிறந்து, அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாவைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினேன். அவர் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத நேரத்தில் இந்த மனுஷன் வண்டியைத் துடைக்கிறாரே என்று, அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, மாமாவின் ஷெட்டில் முதல் ஆயிலை மாற்றினார்கள். கரிச்சட்டி கழுவின தண்ணீர் மாதிரி கறுப்பாக இறங்கியது. எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் இஞ்சின் வெந்துவிட்டது என்று நான் அலறினேன். “டீசல்னா அப்படித்தான் சாமி. ஊத்துன மறுநாளே கறுத்துரும்” என்று மாமா சிரித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, இஞ்சின் அருமையாகச் செட்டாகிவிட்டது, இனித் தொண்ணூறிலேயே போகலாம் என்றார்.

அப்பா முகம் செத்துப்போயிற்று. மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “ஆனா புது ஆயிலும் செட்டாகோணுமில்லீங்க மாப்ள? அறுவதுக்குள்ளயே போங்க” என்றார். சுற்றி நின்ற மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஆயில் மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் அது செட்டாக வேண்டியிருந்தது. போன வருஷம் நான் சொந்தமாகக் கார் வாங்கி, முதல் ஆயில் மாற்றியபோது, இந்த ஆயில் செட்டாக எத்தனை நாள் ஆகும் என்று சர்வீஸ் பையனிடம் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாதே மேடம் என்று அவன் விழித்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்னிக்குச் சேலம் போறப்ப கியர் மேல இருந்த கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு சாமி. அதப் பாத்துக்கிட்டே வந்தேன், வலி எங்க தெரிஞ்சுது? உங்கப்பாகிட்டக் கேட்டுக்கீட்டு வெச்சுறாத.”

நான் வழி நெடுக முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா பார்த்துக்கொண்டு வந்த கை எனக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.