இயற்கையில் இல்லாத புரதமும் காலை தோசையும்

இன்று தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்குப் பெங்களூரில் வேலை; பையனுக்கும் அங்கேதான். அவன் அப்பா இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருக்கிறார்.

“பொண்ணு அங்க என்னா வேல பாக்குது?” என்று பையனின் அம்மா கேட்டார்.

“இயற்கையிலயே இல்லாத புரதத்த கம்ப்யூட்டர்ல வடிவமைச்சு, லேப்புல செஞ்சு பாக்கறோங்க. பின்னாடி மருந்துக்கு ஆவும்,” என்றாள் தங்கை.

“கடவுளே செய்யாததா? நெனச்சபடி வருதாம்மா?” என்றார் பையனின் அப்பா.

“முக்காவாசி வராதுங்க. வேற மாதிரி மடங்கிக்கும். திரும்ப மொதல்லேருந்து செய்வோம்.”

“சூளையும் அப்படித்தான். வெந்து வெளிய வந்தாதான் தெரியும்,” என்று அவர் இன்னும் கொஞ்சம் கேசரி போட்டுக்கொண்டார்.

கடவுளின் வேலையில் கை வைப்பது பற்றி யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

“அதெல்லாம் செய்யட்டும். காலையில இவனுக்கு தோச யாரு சுடுவா?” என்றார் பையனின் அம்மா.

“நான் காலையிலேயே லேப்புக்குப் போவணுங்க. வேலைய விடமாட்டேன்.”

பையனின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்கே சுட வரும்மா,” என்றான், அதுவரை வாய் திறக்காத பையன்.

ஜாதகம் பார்த்துவிட்டுப் போன் செய்வதாகப் பையனின் அம்மா சொல்லிவிட்டுப் போனார். பையன் தங்கையின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

யார் முதலில் கூப்பிடுவார் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தங்கை செல்லை சார்ஜில் போட்டிருக்கிறாள்.