வார்த்தெடுத்த புலிப்பல்

மோகனப்பிரியாவின் வேலை பல் செய்வது. சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாய்க்குப் பொருந்தும் பற்களை வார்த்து, தேய்த்து, மெருகேற்றுவார். பழைய நகைகள் பக்கம் அவரைத் திருப்பியது ஓர் ஏமாற்றம்.

ஒரு தீபாவளிக்கு முன்னால், நாகா பழங்குடியினர் அணிந்த மாலை என்று நம்பி, பழைய சாமான் விற்பவரிடம் ஒன்றை வாங்கினார். எல்லாரும் தங்கம் போட்டு வந்த விருந்துக்கு அதைப் பெருமையாக அணிந்துகொண்டு போனார். பிறகு நகரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் காட்டியபோது, கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எழுபதுகளில் ஃபேஷனுக்காகச் செய்தது, பழங்குடியினர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

வேறு யாராவது என்றால் அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டு மறந்திருப்பார்கள். மோகனப்பிரியா மறுநாள் வேலைக்குப் போகும்போது எடுத்துப்போய் லென்ஸுக்கு அடியில் வைத்தார். போலிதான். ஆனால் மணி கோத்த விதத்திலும் பித்தளைத் தகட்டை வளைத்த விதத்திலும் ஒரு கைத்தேர்ச்சி இருந்தது. செய்தவர் யாரோ, ரசித்துச் செய்திருக்கிறார்.

அன்றிலிருந்து இந்த மாதிரி நகைகளையே தேடித்தேடி வாங்கினார். "ஊரே தங்கம் வாங்குது, நீ தகரம் வாங்குற" என்று கணவர் துரைசாமி கிண்டல் செய்வார். கோத்த நூல் பருத்தியா நைலானா, கொக்கி எந்தக் காலத்து வார்ப்பு, பின்பக்கத்துப் பூச்சு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் பழகியது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் படம் அனுப்பி விலை கேட்கத் தொடங்கினார்கள். அசலா போலியா என்பதோடு நின்றுவிடாதீர்கள், யார், எப்போது, யாருக்காகச் செய்தது என்றும் பாருங்கள், விலை அதில்தான் இருக்கிறது என்று பதில் எழுதுவார்.

போன வருடம், பழைய வீடுகளைக் காலி செய்து கொடுக்கும் ரஃபீக் அவருக்கு போன் செய்தார். காத்தோங்கில் ஹனீன் என்று ஒரு பெண். அவருடைய அம்மா சாதியா எழுபதுகளில் ஹோட்டல் மேடைகளில் பாடியவர், அண்மையில் காலமாகிவிட்டார். அம்மாவின் கழுத்தணி ஒன்றை ஏலக்கடையில் கொடுத்தபோது, அதில் தொங்கும் பற்கள் உண்மையான புலிப்பல்லாக இருக்கலாம், சட்டச் சிக்கல் வரும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பயந்துபோன ஹனீன் அதைக் குப்பையில் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா அன்று மாலையே காத்தோங் போனார். சிவப்புக் கண்ணாடி மணி, அகலமான பித்தளைத் தகடு, அதன் கீழே வரிசையாகப் பற்கள். ஒரு பல்லைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. பல் செய்ய அவர் தினமும் தேய்க்கிற அதே அக்ரிலிக் பிளாஸ்டிக். இருந்தாலும் லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாப் பல்லின் முனையிலும், ஒரே இடத்தில், ஒரே அளவில் சின்னதாகப் பெயர்ந்திருந்தது.

"ஒரு புலி வாய்லயே ரெண்டு பல் ஒரே மாதிரி இருக்காது. இதெல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. நீங்க பயப்பட ஒண்ணுமே இல்ல," என்றார்.

ஹனீனுக்கு மூச்சு வந்தது. தகட்டைத் திருப்பியபோது மோகனப்பிரியாவுக்கு மூச்சு நின்றது. ஓரத்தில் ஊசியால் கீறியதுபோல் 'த' என்று ஒரு தமிழ் எழுத்து. பல நாட்டு நகைகளைப் பார்த்தவர், தமிழில் கையெழுத்திட்ட ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

யாராக இருக்கும் என்று கேட்டார். ஹனீன் தயங்கவேயில்லை. "அம்மாவுக்கு மேடை டிரெஸ் தைச்சவங்க தங்கம் ஆன்ட்டி. கேலாங் சிவன் கோயிலுக்கு வர்றவங்கன்னு அம்மா சொல்வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போய் விசாரித்தார்கள். பிரசாத வரிசையில் நின்ற எண்பது வயது அம்மாள் ஒருவரைக் காட்டினார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தணியை மடியில் வைத்ததும், தங்கம் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"காட்டுல இருந்து வந்த மாதிரி வேணும்னு மேனேஜர் கேட்டாரு. காட்டை நான் எங்க கண்டேன்? சோப்புல ஒரு பல் செதுக்கினேன். கத்தி வழுக்கி முனை பேந்துடுச்சு. அப்படியே அச்சு எடுத்துட்டேன். பாட்டுக் கேக்க வந்த ஜனம் பல்லையா லா உத்துப் பார்க்கும்?"

அக்ரிலிக் எப்படிக் கிடைத்தது என்று மோகனப்பிரியா கேட்டார். கீழ்வீட்டுப் பல் டாக்டர் மிச்சமானதைக் கொடுப்பாராம். தானும் அதே அக்ரிலிக்கில்தான் பிழைக்கிறேன் என்று இவர் சொன்னதும் தங்கம் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி, தேய்ந்த விரல்நுனிகளைப் பார்த்தார்.

"போலின்னு திருப்பிட்டாங்களா?" என்று கேட்டார் தங்கம்.

"இல்லம்மா, நெசம்னு பயந்து திருப்பிட்டாங்க."

தங்கத்துக்கு வந்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

மோகனப்பிரியா ஏலக்கடைக்கு எழுதினார். அச்சில் வார்த்த அடையாளம், செய்த காலம், செய்தவர் பெயர், சாதியா அதை அணிந்து மேடையில் நிற்கும் படம், எல்லாவற்றையும் அனுப்பினார். அவர்களும் நிபுணரை வைத்துச் சோதித்துவிட்டு, நன்றி சொல்லி ஏலத்தில் சேர்த்தார்கள்.

ஏலத்தன்று தங்கம் பட்டுச்சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கேட்பவர்கள் ஒவ்வொருவராக விலகி, கடைசியில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவரும் உள்ளூர் கலைக்கூடம் ஒன்றும் மட்டும் விடாமல் மோதிக்கொண்டார்கள். மதிப்பிட்ட விலை எப்போதோ பின்னால் போய்விட்டது. ஹனீன் மோகனப்பிரியாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் இறங்கியபோது கழுத்தணி கலைக்கூடத்துக்குப் போயிற்று. அது சிங்கப்பூரிலேயே இருக்கும்.

ஏலம் விட்டவர் செய்தவரின் பெயரைத் திருத்தமாகச் சொல்ல முயன்று, அவர் இங்கேயே இருக்கிறார் என்றும் அறிவித்தார். அறை முழுக்கக் கைதட்டியது. தங்கம் எழுந்து, எல்லாரையும் ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, மோகனப்பிரியாவையும் கைப்பிடித்து எழுப்பிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு மூவரும் தேக்கா சந்தைக்குப் போய் வயிறாரப் பிரியாணி சாப்பிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோதே ஏலக்கடையிலிருந்து போன் வந்தது. எப்படி விற்பதென்று தெரியாமல் இப்படிப்பட்ட நகைகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன, வந்து பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள்.

"சனிக்கிழமை வர்றேன், லென்ஸ் நானே எடுத்துட்டு வந்துடுவேன்," என்றார் மோகனப்பிரியா.