பீரோவுக்கு ஓட்டை போடும் ஆதிமூலம்

கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால் ஆதிமூலம் பீரோவின் கதவில் காதை வைக்கிறார். கன்னம் இரும்பில் அழுந்த, கண்ணை மூடி, அசையாமல் நிற்கிறார். முதல் தடவை பார்க்கும் வீட்டுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். "என்னாண்ணா, உள்ள ரேடியோ பாடுதா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர் காதை எடுக்க மாட்டார். உள்ளே எதுவும் அசையவில்லை என்று மனசு சமாதானமான பிறகுதான் திறப்பார்.

மரக்காணம் உப்பளத்தைச் சுற்றியுள்ள குப்பங்களில் பீரோ ரிப்பேர் என்றால் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர். மொபெட்டின் பின்னால் பெயின்ட் டப்பாவும் உப்புத்தாளும் டிரில்லிங் மெஷினும் ஒரே சாக்கில் கிடந்து ஆடும். முகத்தில் எப்போதும் எதையோ மறந்துவிட்டு வந்தவரின் பதற்றம்.

இங்கே காற்றே உப்புதான். மற்ற ஊர்களில் ஒரு தலைமுறை உழைக்கிற இரும்பு பீரோ இங்கே சில வருஷத்திலேயே அடிப்பக்கம் பொடிப்பொடியாக உதிரும். கல்யாணச் சீராக வந்த பீரோ கண்ணெதிரே கொட்டிப்போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆதிமூலம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கதவின் ஓரம் முழுக்க ரப்பர் பட்டை. பின்பக்கத்து இடுக்குகளில் தார்ப்பூச்சு. சாத்தினால் தானாகக் கொண்டி விழ ஒரு ஸ்பிரிங். காற்று நுழையாது, துரு ஏறாது. குப்பம் குப்பமாகக் கூப்பிட்டார்கள். அவரும் சளைக்காமல் போட்டுக்கொடுத்தார். அதற்குள் ஒரு பிள்ளை போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் அவர் ரப்பர் போட்ட ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளையைக் காணோம், பீரோவும் திறக்க மாட்டேன் என்கிறது. மிச்சத்தை அவரே என்னிடம் சொன்னார்.

"கதவ நெம்பித் தொறந்தேன் சார். சாக்கு சாயற மாரி கால்ல வந்து சாஞ்சிச்சு. ஒதடெல்லாம் நீலம். தூக்கிக்கினு வெளிய ஓடினேன். பொழச்சிக்கிச்சு, இப்ப இஸ்கூலுக்குப் போவுது. எனக்குத்தான் அன்னிலருந்து நெஞ்சுக்குள்ள கதவு சாத்தற சத்தம் கேட்டுக்கினே இருக்குது."

அன்றிலிருந்து அவர் தொழில் தலைகீழாகிவிட்டது. ரப்பர் போட்ட வீடுகளைத் தேடிப் போய், காசு வாங்காமல் பிய்த்தெடுத்து, பீரோவின் முதுகில் காற்றுக்கு ஓட்டை போட்டுவிட்டு வருகிறார். எந்தெந்த வீடு என்பது முழுக்க நினைவில்லை. அதுதான் அவரைத் தின்கிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகளின் கூச்சல் திடீரென்று அடங்கினால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார்.

நான் அவரோடு சுற்றப் போனது வேறு காரணத்துக்காக. எனக்குச் சொல் பைத்தியம். பீரோ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ஆதியில் அது ஒரு முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். அந்தத் துணியை எழுதும் மேஜைமேல் விரித்தார்கள், பெயர் மேஜைக்கு ஏறியது. பிறகு மேஜை கிடந்த அறைக்கு, அப்புறம் அலுவலகத்துக்கே. பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் பீரோவுக்குப் போகிறேன் என்றால் ஆபீஸுக்குக் கிளம்புகிறார் என்று அர்த்தம். நம்மிடம் வந்து அது எப்படியோ இரும்பு அலமாரியாகி, கதவும் பூட்டும் வைத்துக்கொண்டுவிட்டது.

டீக்கடையில் இதை நான் பெருமையாக விளக்கினேன். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"துணியாவே இருந்திருக்கலாம் சார். துணிக்குள்ள யாருக்கு மூச்சு முட்டும்?"

என் ஆராய்ச்சி அத்தோடு சரி.

டீ குடித்துவிட்டுப் போனது, அவர் முன்பு ரப்பர் போட்டுக்கொடுத்த சங்கீதாவின் வீட்டுக்கு. கணவர் உப்பளத்தில் வேலைக்குப் போயிருந்தார். ஆதிமூலம் சாக்கிலிருந்து மெஷினை எடுத்ததுமே சங்கீதா பீரோவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"எங்கம்மா வூட்டு சீருண்ணா இது. பக்கத்து வூட்டு பீரோவப் பாருங்க, அடியெல்லாம் கொட்டிப்போச்சு. இதான் புதுசு மாரி இருக்குது. நீங்கதான ரப்பர் போட்டீங்க? இப்ப நீங்களே வந்து பிக்கறேன்றீங்க?"

"நான் போட்டதாலதாம்மா சொல்றேன். பாப்பா எங்க?"

"இங்கதான் வெளையாடிக்கினு இருந்தா. பூஜா!"

பதில் இல்லை. "அடியே பூஜா!" என்று வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். வெளியே காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மெதுவாகத் திரும்பி பீரோவைப் பார்த்தாள்.

ஆதிமூலம் இந்த முறை காதை வைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார். உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. வேட்டி நுனியைச் சுற்றிப் பிடித்து மறுபடி முறுக்கினார். ரப்பர் கவ்வியிருந்த கதவு சட்டென்று விடவில்லை. "கடவுளே, கடவுளே" என்று சங்கீதா அவர் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டே இருந்தாள். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தபோது அவர் மண்டியிட்டு, தொங்கிய புடவைகளை இரண்டு கையாலும் விலக்கி, அடி மூலை வரைக்கும் துழாவினார். அந்துருண்டை வாசனைதான் வந்தது. உள்ளே யாரும் இல்லை.

"அம்மா, பக்கத்து வூட்டு ஆண்டாளக்கா முறுக்கு குடுத்தாங்க."

வாசலில் பூஜா நின்றிருந்தாள். வாயெல்லாம் முறுக்குத் தூள். சங்கீதா பிள்ளையை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போடுங்கண்ணா. எத்தினி ஓட்ட வேணும்னாலும் போடுங்க."

ஆதிமூலம் மெஷின் பக்கம் போகவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து பூஜாவிடம் போனார். முறுக்குக்குத்தான் வருகிறார் என்று நினைத்து அவள் கடித்த துண்டை நீட்டினாள். அவர் அதை வாங்காமல், சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையின் மூக்குக்கு அடியில் புறங்கையை வைத்து, மூச்சு படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.