முதுகு உடைந்த கிட்டார்

எங்கள் வீட்டில் பொய் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு. மரத்தைக் காயவிட்டால் கிடையாது. முதலமடையில் மாங்காய் முற்றும் காலத்தில் அடிக்கிற காற்றுக்கு உதடே வெடிக்கும், கிட்டார் எம்மாத்திரம்? மாங்காய் அடுக்கும் கொட்டகையில் பாதியைத் தடுத்து, அப்பா கிட்டார் செய்துகொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு கிட்டாரின் வயிற்றுக்குள்ளும் மரம் காயாதிருக்க, பிழிந்த ஈரத்துணி ஒன்று சோப்புப் பெட்டியில் இருக்கும். கொட்டகைக் கதவைத் திறந்துபோட்டு நான் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

அந்த வருடம் அத்தை, இடுக்கி எஸ்டேட்டிலிருந்து ஒரு கிட்டாரோடு வந்து இறங்கினாள். அது மாமாவுடையது. அங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியில் அவர் வாசிப்பவர். கிட்டாரின் முதுகுப் பலகை பிளந்திருந்தது. கை தவறி விழுந்துவிட்டதாக அத்தை சொன்னாள். அப்பா உள்ளே சின்ன பல்பு ஒன்றை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

“கை தவறி உழுந்தா ஓரந்தான் அடி வாங்கும் அம்முணி. இது நடு முதுகுல அல்லோ ஒடஞ்சிருக்குது?”

“உழுந்துதுங்கண்ணா,” என்றாள் அத்தை, முந்தானையை இழுத்து, கன்றிப்போயிருந்த முழங்கையை மூடிக்கொண்டு. அன்று முழுக்க அப்பா வேறு வேலையைத் தொடவில்லை. ஓர் உடைந்த பலகைக்கு இத்தனை துக்கமா என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா செல்போனில் கூப்பிட்டார். “சரியானதும் ரெண்டையும் அனுப்பி வைங்க மச்சான். சீசன் வந்துருச்சு.”

ரெண்டு என்றால் கிட்டாரும் அத்தையும். கிட்டார் சரியாகும் நாளில் அத்தை கிளம்பிவிடுவாள் என்பதுதான் ஏற்பாடு. எனக்கு அவள் போவதில் துளியும் விருப்பமில்லை. அதே சமயம், அப்பா கை வைத்து ஒரு கிட்டார் சரியாகாமல் போவதும் தாங்கக்கூடியதாக இல்லை.

ஆனால் அதுதான் நடந்தது. அப்பா பசை தடவி ஒட்டுவார், சில நாளில் பிளவு மறுபடி வாயைத் திறக்கும். பிளவை ஒட்டினால் உள்பக்கம் குறுக்கே சிறு மரச்சில்லுகளை வைத்து ஒட்ட வேண்டும், அப்போதுதான் நிற்கும். இது எனக்கே தெரியும். அப்பா ஒவ்வொரு முறையும் அதை மறந்தார். நான் நினைவூட்டினால், “ஆமா, மறந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு மறுமுறையும் மறந்தார்.

ஒரு மத்தியானம், அத்தை அந்தக் கிட்டாருக்குள்ளிருந்து ஈரத்துணியை எடுத்துவிட்டு, காற்று நேராக அடிக்கிற சன்னலில் கிட்டாரைச் சாய்த்து வைப்பதைக் கண்டேன். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

“காத்தாட வெச்சிருப்பா. நீ போயி வெளையாடு கண்ணு,” என்றார், கதவைத் திறந்துபோட்டதற்கே என்னை வறுத்தெடுக்கும் மனிதர்.

பொறுமை தீர்ந்து மாமாவே ஒருநாள் வந்து நின்றார். அப்பா சுவரிலிருந்து பலா மரத்துக் கிட்டாரை இறக்கினார். தனக்கென்று அவர் செய்துகொண்டது அது. எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதது. எங்களைத் தொடக்கூட விட்டதில்லை. அதை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா மீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அவளக் கெளம்பச் சொல்லுங்க மச்சான்.”

“கிட்டாரு வருதுங்க மாப்ளெ. அம்முணி வரமாட்டா.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா உடைந்த கிட்டாரை எடுத்து, முதுகு மேலே தெரியும்படி அவர் முன்னால் மேசையில் கவிழ்த்து வைத்தார். மாமா அதைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்புறம் பலாக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். ஓட்டைக் கிட்டாருக்குத் தங்கமான கிட்டாரைக் கொடுத்துவிட்டாரே என்று நான் அழுதேன்.

அன்று சாயங்காலமே அப்பா அந்தப் பிளவை ஒட்டி, உள்ளே வரிசையாக மரச்சில்லுகளை வைத்து முடித்தார். எதையும் மறக்கவில்லை. இவ்வளவுதான் வேலை என்றால் ஏன் இத்தனை நாள் இழுத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா ஈரத்துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தார்.

“அத்தைகிட்டக் குடு கண்ணு. இனி எடுக்க மாட்டா.”

அத்தை அதை வாங்கி, கொஞ்ச நேரம் முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்துவிட்டு, கிட்டாருக்குள் வைத்தாள். எடுக்கவே இல்லை. எனக்கோ, வெறிச்சென்று இருந்த சுவர் ஆணியைப் பார்க்கப் பார்க்க அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது.