மண் கேட்ட கட்டு

இது கற்பனை இல்லை. அந்த மண்ணை என் கண்ணாலேயே பார்த்தேன்.

பிளாக்டவுனில் எனக்கு ஒரு ஸ்கேனிங் கடை இருக்கிறது. காலமான யூத மதகுரு, ரபி எலியாசர், நாற்பது வருடமாக எழுதிய மறைஞானக் கட்டுரைகளைப் பிரதியெடுக்கக் குடும்பத்தார் தந்திருந்தார்கள். யூதர்கள் கடவுளின் பெயர் எழுதிய தாளை எறிய மாட்டார்கள். மனித உடலைப் போலவே மண்ணில் புதைப்பார்கள். தன் தாள்களைத் தன் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்கும்படி ரபி சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: “எழுத்தும் உடல்தான். மண் கிடைக்காவிட்டால் அது மண்ணைத் தேடும்.”

வெள்ளிக்கிழமை வேன்காரச் சுஜீதன் அந்தத் தாள்கட்டை யூத மயானத்துக்குக் கொண்டுபோனான். அன்று சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள். மயானக் கதவை அதற்கு முன்பே பூட்டிவிடுவார்கள்.

மாலை எனக்குப் போன் செய்தான்.

“டிராபிக் அண்ணை, கேற் பூட்டிட்டாங்கள். சாமித் தாள்தானே? பழைய சாமிப்படம் விடுறமாதிரி கிரவீன் ஓடையில விட்டிட்டன். கும்பிட்டுத்தான் விட்டனான்.”

“விசரா! அது புதைக்கிறதடா! போய் எடு!”

“ஓமோம், கத்தாதேங்கோ. வீட்டில நிரூபாவுக்குக் கொத்துரொட்டி குடுத்திட்டுப் போறன். வயித்துக்க இருக்கிறவர் பசி தாங்கமாட்டாராம்.”

சிரித்துக்கொண்டே வைத்தான்.

7.40. ஸ்கேனர் தானாக ஓடியது.

ஸ்கேனரில் கண்ணாடிக்குக் கீழே ஒரு விளக்கு நகரும். மேலே இருப்பதை வரிவரியாகப் படமாக்கும். மேலே எதுவுமில்லை என்றால் மூடியின் வெள்ளைதான் வரும்.

ர்ர்ர்ர்...

திரையில் மண் வந்தது.

மூடியைத் திறந்தேன். கண்ணாடி சுத்தமாக இருந்தது.

ர்ர்ர்ர்...

மண்ணுக்குள் ஒரு நெற்றி.

வயரைப் பிடுங்கினேன்.

ர்ர்ர்ர்...

மூக்கு. திறந்த வாய்.

சுஜீதன்.

அவனுக்கு அடித்தேன். எடுத்தான்.

தொப்... தொப்...

மண் விழும் சத்தம்.

மறுநாள் ஓடையில் அவனைக் கண்டெடுத்தார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். நுரையீரலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்றார் டாக்டர். முழுக்க மண்.

தாள்கள் கிடைக்கவே இல்லை.

இறுதிச்சடங்கு மண்டபத்தில், வாய்க்கரிசி போட அவன் மனைவி நிரூபா எட்டு மாத வயிற்றோடு குனிந்தாள். அங்கே வேலை செய்பவர் என் காதருகே மெல்லச் சொன்னார், காலையிலிருந்து அந்த வாயை மூன்று தடவை கழுவிவிட்டாராம்.

அவள் அவன் உதட்டை விலக்கினாள்.

அரிசி போட இடமிருக்கவில்லை.