அண்ணன் மிச்சம் வைத்த பால்

என் அண்ணனுடைய குரலை நான் குடித்துவிட்டேன் என்று எட்டு வயதில் உறுதியாக நம்பினேன். யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்ததுதான். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. அப்பா ராஜபாளையத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணனுக்குப் பதிமூன்று முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக் கோயிலில் அவன் கீர்த்தனை எடுத்தால், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். சித்திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் அசனப் பண்டிகை. ஊர் கூடி ஆராதனை முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கு வெளியூர் போர்டிங் பள்ளிக்கூடத்து ஐயர் வருகிறார் என்று தெரிந்தது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். நன்றாகப் பாடுகிற பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, பாடகர் குழுவில் வைத்துக்கொண்டு, சாப்பாடு போட்டு ஹைஸ்கூல் முடியப் படிக்க வைப்பாராம். எட்டாவதுக்கு மேல் படிக்க வைக்க அப்பாவுக்கு வழியில்லை. பண்டிகையில் ஒரே ஒரு கீர்த்தனையை நன்றாகப் பாடினால் அண்ணனுக்குப் படிப்பு, பாடாவிட்டால் பஞ்சு மில். இதை எனக்குக்கூடப் புரியும்படி அம்மா பல தடவை சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் என்கிற ஆள் போய், அண்ணனுடைய தொண்டை மட்டும் வீட்டில் வளைய வந்தது. புளி ஆகாது, ஊறுகாய் ஆகாது, மாங்காயைக் கண்ணால் பார்க்கக்கூடாது. பானைத் தண்ணீர் கூடாது, வெந்நீர்தான். உப்புப் போட்ட வெந்நீரால் காலையும் மாலையும் கொப்பளிக்க வேண்டும். கத்தக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது கத்துவதைவிடக் கெடுதல் என்று மாமா சொன்னார். மாமா அம்மாவின் தம்பி. நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்து, கம்பெனி கலைந்த பிறகு கோயிலில் வாசிக்கிறவர். குரல் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். ஆனால் சட்டம் ஒன்றுக்கொன்று இடித்தது. விடியற்காலையில் கிணற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடினால் குரல் கெட்டிப்படும் என்பார் மாமா. சளி பிடிக்கும் என்று அம்மா அவனை மேலே ஏற்றுவாள். பக்கத்து ராஜு வீட்டு அம்மாள் தேன் கொடுத்தனுப்புவாள், தேன் சூடு என்று அப்பா அதைப் பரணில் வைப்பார். யார் சொல்வது சரி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

சாயங்காலம் அவனுக்கு மட்டும் பால். மிளகைத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு கரைத்து, பெரிய லோட்டா நிறைய. மிளகுத் திப்பி தங்கியிருக்கும் என்று அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிடுவான். எனக்கும் வேண்டும் என்று கேட்டபோது அம்மா, "அது பாடுத தொண்டைக்கு உள்ளதுட்டி, உனக்கு எதுக்கு?" என்றாள். ஆகவே கழுவப் போடுகிற சாக்கில் லோட்டாவை எடுத்துப் போய், கொல்லையில் நின்று அந்த ஒரு வாயைத் தினமும் குடித்தேன். காரமும் இனிப்புமாய் நன்றாகத்தான் இருந்தது.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலை அண்ணன் குளித்துவிட்டுத் துண்டு கேட்டான். "அம்மா" என்று ஒரு குரலில் ஆரம்பித்து வேறொரு குரலில் முடித்தான். அடுக்களையில் அம்மாவும் ராஜு வீட்டு அம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே விஷயத்துக்கு ஏன் சிரிப்பும் அழுகையும் என்று நான் குழம்பிப்போய் நின்றேன். கீர்த்தனையை எடுக்கச் சொன்னார் மாமா. மேலே போகிற இடத்தில் குரல் பிளந்து, கரகரவென்று யாரோ பெரிய ஆள் அண்ணனுக்குள்ளிருந்து இருமுகிற மாதிரி வந்தது. மாமா ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "மகரக்கட்டு" என்று மட்டும் சொன்னார்.

அது என்ன வியாதி என்று அம்மாவிடம் கேட்டேன். உனக்கு ஒன்றும் இல்லை, போ என்றாள். அப்பாவிடம் கேட்டதற்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார். கடைசியில் அண்ணனையே கேட்டேன். அவனைப் பேசக்கூடாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். சிலேட்டை எடுத்து, 'எனக்கும் தெரியாது' என்று எழுதிக் காட்டினான்.

குரல் எங்கேயோ போய்விட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எங்கே போயிற்று என்பது மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, கேட்டுக் கேட்டுப் பாடமாகிப்போன அந்தக் கீர்த்தனையை முனகினேன். முனகல் தானாகப் பெருகியது. மேலே போகிற இடம் வந்தது, நானும் போனேன். அண்ணன் எப்படிப் போவானோ அப்படியே இருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். பாடுகிற தொண்டைக்கு உள்ளதை அம்மா வேண்டாம் என்று சொல்லியும் திருடிக் குடித்தேன் அல்லவா? லோட்டாவின் அடியில் தங்கியது மிளகு இல்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

திரும்பினால் மாமா நிற்கிறார்.

"ஏட்டி, இன்னொருக்கா பாடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வேணும்னு குடிக்கல மாமா."

"குடிக்கதப் பத்தி இப்ப யாரு கேட்டா? நீ பாடு."

பாடினேன். மாமா நேராக அப்பாவிடம் போனார். அவர் போட்ட திட்டத்தை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஐயர் அங்கி மாட்டுகிற அறை. அதன் வாசலில் திரை. திரைக்கு முன்னால் அண்ணன் நின்று வாயை அசைக்க வேண்டும், பின்னால் நான் பாட வேண்டும். பாட்டுத் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள் என்பது மாமாவின் நம்பிக்கை. போர்டிங்கில் சேர்ந்த பொறவு குரல் உடைந்தால் உடையட்டும், மகரக்கட்டு அந்த வயதில் எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான் என்றார். அப்பா இரண்டு நாள் முடியாது என்றார். கடவுள் சந்நிதியில் நாடகமா என்றார். மூன்றாம் நாள் அவரே தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து என் கழுத்தில் சுற்றினார்.

அதன்பின் தொண்டை என்னுடையதாயிற்று. வெந்நீர் எனக்கு, கொப்பளிப்பது எனக்கு, பரணிலிருந்து இறங்கிய தேனும் எனக்கு. முழு லோட்டாப் பாலை அம்மா பக்கத்திலிருந்து ஆற்றிக் கொடுத்தாள். அதுவரை என்னை யாரும் அப்படி உட்கார வைத்துப் பார்த்ததில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. கூடவே பயமும் இருந்தது. குடிக்கக் குடிக்க அண்ணனுடைய குரல் எனக்குள் இன்னும் இறுகிக்கொள்ளுமே, பிறகு எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒரு நாள் அவனையும் குடிக்கச் சொல்லி லோட்டாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

பண்டிகையன்று, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை தொண்டைக்கு ஆகாது என்று மாட்டு வண்டி பிடித்தார்கள். வழியெல்லாம் மாமா என் வாயை ஈரத் துண்டால் மூடிப் பிடித்திருந்தார். நேரம் வந்ததும் என் கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரத்தை ஒதுக்கச் சொல்லி, திரைக்குப் பின்னால் நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் குரலை அண்ணனிடமே சேர்த்துவிடும் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டுப் பாடினேன். மூன்றாம் சரணத்தில் அண்ணனுக்கு அடி மறந்து, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொண்டானாம். மாமா சொன்னபடியே போர்டிங் ஐயர் கண்ணை மூடியிருந்ததால் கெட்டுப்போகவில்லை என்று பிறகு பேசிச் சிரித்தார்கள்.

ஆனால் ஆராதனை முடிந்தால் ஐயர் அங்கியைக் கழற்ற அந்த அறைக்குத்தான் வருவார் என்பதை மாமா யோசிக்கவில்லை. திரையை விலக்கியவர், என்னைப் பார்த்து நின்றுவிட்டார். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றிய கம்பளியைப் பார்த்தார், அதிமதுரம் துருத்திக்கொண்டிருந்த கன்னத்தைப் பார்த்தார். பின்னாலேயே அப்பா, மாமா, அண்ணன் மூன்று பேரும் ஓடி வந்து சுவரோரம் நின்றார்கள். ஐயர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"பாப்பா, பொம்பளப் பிள்ளைகளுக்கும் எங்க போர்டிங்ல இடம் இருக்கு. நீ பாடுவியா?"

அப்பா தரையைப் பார்த்தார். மாமா திரையின் மடிப்பைச் சரி செய்தார். அண்ணன் மட்டும் என்னையே பார்த்தான்.

"எனக்குப் பாட வராதுங்கய்யா" என்றேன்.

அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்தவன் குரலை வைத்துக்கொண்டு பாடுவேன் என்று சொல்வதுதான் பொய். ஐயர் என் கழுத்துக் கம்பளியைத் தளர்த்திவிட்டு, சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பையனை ஜூனில் அனுப்பி வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றினார். அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அன்று சாப்பாட்டில் எனக்குப் புளிக்குழம்பு ஊற்றினார்கள், யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்பளி பெட்டிக்குள் போயிற்று. ஜூனில் அண்ணனை ரயிலேற்றிவிட்டு வந்தோம். புறப்படும்போது என்னிடம் என்னவோ சொல்ல வந்தான், தொண்டை கட்டிக்கொண்டது. குரல் இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆளில்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் பாடிப் பார்த்தேன். போயிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பாடினேன். அது போகவில்லை, முன்னைவிட ஒரு படி மேலேயே ஏறியது. பயத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் அங்கே குரலில்லாமல் என்ன பாடுபடுகிறானோ என்று அன்று முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு கோயிலில் எல்லோரும் பாடும்போது நான் உதட்டை மட்டும் அசைத்தேன். வருஷக்கணக்கில் அசைத்தேன். ஏன் சத்தமே வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது யாருடைய குரல் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நாலு பேர் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்கள் சொல்லவில்லை.