ஒரு பிள்ளைக்கு ஒரு குப்பி

புதன்கிழமை காலை, தடுப்பூசி அறையில் பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே போன் வந்தது: ஆவுடையம்மாள் சிஸ்டர் நெஞ்சுவலியில் போய்விட்டார். என் கையில் ஊசி, எதிரே தாய் மடியில் ஒரு குழந்தை. போட்டு முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் நிறுத்தியிருந்தால் சிஸ்டரே ஏசியிருப்பார்.

நெல்லையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அந்த அறையில் அவரோடு குப்பை கொட்டியவள் நான். பெரிய ஆஸ்பத்திரி என்று பேர்தான். தட்டம்மைத் தடுப்பூசிக்கு எப்போதும் இழுபறி. ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரமே தாங்கும், மீந்ததைக் கொட்ட வேண்டும். அதனால் பிள்ளைகள் சேரும்வரை குப்பியை உடைக்கக் கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். மேலிடத்தில் யாரும் கைப்பிள்ளையோடு பஸ்ஸில் நின்று வந்ததில்லை.

நாங்குநேரிப் பக்கமிருந்து ஒருத்தி மதியம் தாண்டி வந்தாள், அந்நேரம் அவள் பிள்ளை ஒன்றுதான். "அடுத்த புதன் வாங்க" என்று சிஸ்டர் அனுப்பிவிட்டார். அவள் வரவில்லை. சில வாரம் கழித்து அந்தப் பிள்ளை தட்டம்மையோடு குழந்தைகள் வார்டில் சேர்ந்து, நெஞ்சில் சளி கட்டி இறந்தது. வார்டு வாசலில் தாய் சிஸ்டரை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க வரச் சொன்னிய. காட்டு வேலைய விட்டுட்டு வர முடியலம்மா" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

அதன்பிறகு ஒரு பிள்ளை வந்தாலும் சிஸ்டர் குப்பியை உடைத்தார். மருந்து வீணாகிறது என்று அதிகாரி விளக்கம் கேட்டார். "மருந்துக்கு நான் பதில் எழுதுதேன் சார். அந்தப் பிள்ளைக்கு யாரு எழுதுவா?" அதிகாரி கோப்பை மூடினார், மருந்து மட்டும் கூடுதலாக வரவில்லை. இருப்பு தீர்ந்தால் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குக் கையேந்தப் போவார். ஒருநாள் வெறும் பெட்டியோடு திரும்பித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, போன புதன் ஒத்தப் பிள்ளைக்கு உடைச்சேன். இன்னைக்கு இத்தன பேரத் திருப்பி அனுப்புதேன். எது பாவம்னு நீயே சொல்லு."

 இந்த அஞ்சலியை வாசிக்கிற, அவரை அறிந்த உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

செய்தி வந்த அன்று மாலை, அறையைப் பூட்டிவிட்டுத் துட்டி கேட்க சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினேன். ஒருத்தி ஒற்றைப் பிள்ளையோடு ஓடி வந்தாள். காலையில் கரைத்த மருந்துக்கு நேரம் தாண்டியிருந்தது. உள்ளே கடைசிக் குப்பி. "அடுத்த புதன்" என்று வாய்வரை வந்தது. பூட்டைத் திறந்தேன், குப்பியை உடைத்து ஊசி போட்டேன், மீந்ததைக் கொட்டினேன். அடுத்த புதன் வருகிறவர்களுக்கு என்ன செய்வேன், தெரியாது.

அவரிடமிருந்து துணிச்சலைப் பெற்றேன் என்று எழுத ஆசைதான், பொய்யாகிவிடும். தனியாகப் பிள்ளையைத் தூக்கிவரும் தாயைக் கண்டால் சிஸ்டருக்கு அந்த நாங்குநேரிப் பிள்ளை நினைப்பு வந்து பயம் பிடிக்கும். அந்தப் பயம் இப்போது எனக்கு.